சாம்பல் கட்சி

பதினேழு. பதினெட்டு. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த அதை முதலிலேயே எண்ணிவிட்டோமோ என்று ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் எண்ணிவிடுவதுதான் அவன் வழக்கம், ஆகவே பதினெட்டு. கம்பெனி பஸ் காஞ்சிபுரத்தை விட்டு இன்னும் முழுசாக வெளியே வரவில்லை, அதற்குள் பதினெட்டுச் சாம்பல் கார். மார்கழிப் பனி ஜன்னல் கண்ணாடியில் வேர்த்து வழிந்தது. சட்டைக் கையால் துடைத்தான். யூனிபார்ம் சட்டையும் சாம்பல்தான், அதைத் தேர்ந்தெடுத்த மகராசன் யாரோ, அழுக்கு தெரியாது என்று கணக்குப் போட்டிருப்பான். இந்த ஏழு மணி பஸ்ஸில் மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் எல்லாம் ஏறின கையோடு தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். காருக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்ட் ஷாப் ஆட்கள் பதினோரு பேருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது, கண் தானாக ரோட்டில் போகிற வண்டியின் மேல்தான் போய் நிற்கும். எவனோ ஒரு புண்ணியவான் அதை விளையாட்டாக்கி வைத்தான். வெள்ளைக் கட்சி, சாம்பல் கட்சி, கலர் கட்சி என்று மூன்று. கட்சிக்கு ஒருவன் எண்ணுவான். காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி கேட் வரை கண்ணில் படுகிற கார்களில் தன் கட்சிக்காரனை மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வரவேண்டும், கேட்டில் இறங்கும்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும். குறைச்சலாகச் சொன்னவன் எதிர்க்கடையில் பதினோரு பேருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். ஒரே ஒரு சட்டம் உண்டு: சொன்ன எண்ணை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கல்யாண வீட்டில் மொய்க் கவரைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்வது போல வாங்கிக்கொள்ள வேண்டும். புரட்டாசி வரைக்கும் வெள்ளைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. இந்த ஊர் வெயிலுக்கு வெள்ளைதானே வாங்குவார்கள். ஐப்பசி பிறந்ததும் சாம்பல் தலையெடுத்தது. கார்த்திகையில் ஒருநாள்கூடத் தோற்கவில்லை. சாம்பலுக்கு எண்ணுகிறவன் ஏகாம்பரம்.

பத்தொன்பது. ஏன் இப்படி எல்லாரும் போய் சாம்பலையே வாங்குகிறார்கள்? அதைப் பற்றி யோசிக்க அவனுக்குப் பிடித்திருந்தது. ராத்திரி இருமல் வந்து எழுந்து உட்காரும்போதுகூட அதையே யோசிப்பான், ஏனென்றால் அதற்குப் பதில் நிறைய இருந்தது. போன மாதம் மீட்டிங்கில் சூப்பர்வைசர் பார்த்தசாரதி சார் திரையில் படம் போட்டுச் சொன்னார், ஜனங்கள் கையில் வைத்திருக்கிற போன், வீட்டு பிரிட்ஜ், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் இந்த நிறம், அதனால் காரும் இந்த நிறம் கேட்கிறார்கள், உயர்ந்த பொருள் என்றால் இந்த நிறம்தான் என்று மனசில் பதிந்துவிட்டது, விற்கும்போதும் விலை இறங்காது, தூசி தெரியாது, கீறல் தெரியாது என்று. படத்தில் ஒரு பெரிய வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். இது சாம்பல், இது வெள்ளை, இது கறுப்பு, இந்தச் சின்னக் கீற்று மட்டும் மீதி கலர்கள் என்று குச்சியால் தொட்டுக் காட்டினார். வட்டம் முழுக்க ஏகாம்பரத்துக்குச் சாம்பலாகத்தான் இருந்தது. படம் காட்டுகிற மிஷின் பழசு, பல்பு போயிருக்கும். கலர் கட்சிக்கு எண்ணுகிற ஜான்பாஷா ஒரு காரணம் வைத்திருந்தான், அடிக்கிறவனுக்கு எது சுலபமோ அதைத்தான் கம்பெனி வாங்குகிறவன் தலையில் கட்டும், சிவப்புக்கு மூன்று கோட்டு அடிக்கணும், இதற்கு ரெண்டு போதும் என்பான். வெள்ளைக் கட்சித் தணிகாசலம் வேறு மாதிரி சொல்வான். "ஊர் கண்ணுக்குப் பயந்துதான்யா. செவப்பா வாங்கிட்டு வந்து நிறுத்தினா தெருவே வந்து எட்டிப் பாக்கும். கிரே வாங்கினா எப்ப வாங்கினான்னே எவனுக்கும் தெரியாது. அவன் பாட்டுக்கு வருவான், அவன் பாட்டுக்குப் போவான்." ஊர் கண்ணுக்குப் பயந்து. அது ஏகாம்பரத்துக்கு நன்றாகப் புரிந்தது. அவனிடமும் ஒரு காரணம் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அவன் வேலை செய்கிற பிரைமர் செக்‌ஷனில் எல்லா வண்டியும் சாம்பல்தான். சிவப்பாகப் போவது, நீலமாகப் போவது, எதுவானாலும் முதல் பூச்சு சாம்பல், அந்தப் பூச்சில் இருக்கிற மேடு பள்ளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தேய்த்து அனுப்புவது அவன் வேலை. எல்லா வண்டியும் சாம்பலாகத்தான் பிறக்கிறது. இப்போதெல்லாம் அடுத்த பூச்சுக்குப் போகச் சோம்பல்பட்டு அப்படியே ரோட்டுக்கு வந்துவிடுகின்றன போலிருக்கிறது. இருபது, இருபத்தொன்று.

இருமல் வந்தது. வாயை மூடிக்கொண்டு அதை நெஞ்சுக்குள்ளேயே அமுக்கினான். இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது, சித்திரையில் ஆரம்பித்தபோது இருந்த இருமலுக்கு இது ஒன்றுமில்லை. ஆடியில் வாலாஜாபாத் அரசு ஆஸ்பத்திரியில் சளியை டெஸ்ட்டுக்குக் கொடுத்தான், நான்காம் நாள் ஃப்ளோரா சிஸ்டர் கூப்பிட்டு உட்காரவைத்து, டி.பி. தான், ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சுத்தமாப் போயிடும், பயப்படாதீங்க என்றார். பயமா? பயத்தில் அவனுக்குக் காது அடைத்துவிட்டது. நோயை நினைத்து வந்த பயமில்லை அது, சீலர் செக்‌ஷன் பொன்னுரங்கத்தை நினைத்து வந்தது. பொன்னுரங்கத்தின் மாஸ்க்கில் ஒருநாள் ரத்தம் இருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை, துரத்தவில்லை, ஆபீசில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். நல்லாக் குணமாயிட்டு வாப்பா என்று முதுகில் தட்டினார்கள். ஆறு மாதம் கழித்துக் குணமாகி வந்தான், கேட்டில் முகம் பார்க்கிற மிஷின் முன்னால் நின்றான், மிஷின் அந்த முகத்தைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. திருப்பித் திருப்பி நின்றான், தொப்பியைக் கழற்றி நின்றான், பின்னால் க்யூ நின்றது. பதினாறு வருஷமானாலும் கான்ட்ராக்ட் கான்ட்ராக்ட்தான். இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான், ஏகாம்பரம் அந்தத் தெருவழியே போவதை விட்டு வருஷமாகிறது. தனக்கு டி.பி. என்பது வீட்டில் பெண்டாட்டி குமுதாவுக்கும் ஆஸ்பத்திரியில் ஃப்ளோராவுக்கும் மட்டும்தான் தெரியும். கம்பெனிக்குத் தெரியாமல் ஐந்து மாதம் ஓட்டியாகிவிட்டது. இன்னும் முப்பத்தொரு நாள். முப்பத்தொரு நாள் ஒரு பெரிய விஷயமா.

மாத்திரை சட்டைப் பையில் இருந்தது, நான்கு. அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முதல் தடவை கொடுக்கும்போது ஃப்ளோரா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மூத்திரம் செக்கச்செவேல்னு போகும், மாத்திரையோட சாயம்தான், பதறாதீங்க. இரண்டாவதை அவனுடைய முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னார். "கண்ணு மங்கலாத் தெரிஞ்சாலோ, கலர் மாறித் தெரிஞ்சாலோ அன்னிக்கே ஓடி வந்துடணும். இதுல கலந்திருக்கற ஒரு மருந்து சில பேருக்கு கண்ணு நரம்பப் புடிக்கும். ஒடனே நிறுத்திட்டா பெரும்பாலும் பார்வை திரும்பிடும். நீங்க பாட்டுக்கு சாப்ட்டுகினே இருந்தா திரும்பாதுப்பா. சொல்லிட்டேன்." அன்றைக்கு அவன் தலையை ஆட்டினான். அவர் சொன்னபடியே மறுநாள் காலையில் கோயில் சுவருக்குக் காவி கரைத்த மாதிரி போயிற்று. எச்சரித்திருந்தும் ஒரு நொடி பதறித்தான் போனான். ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க அந்தக் காவி. அப்புறம் எப்போதோ அது வெளிறிப்போயிற்று. எப்போது என்று தெரியவில்லை. இன்று காலையில் பார்த்தபோது கழனித்தண்ணீர்தான். உடம்புக்கு மருந்து பழகிவிட்டிருக்கும். பழகினால் சாயம் குறையும். குறையுமா? ஃப்ளோராவிடம் கேட்கலாம், ஆனால் கேட்டால் அவர் வேறு கேள்விகள் கேட்பார், கண் டாக்டருக்குச் சீட்டு எழுதுவார், செங்கல்பட்டுக்குப் போகச் சொல்வார், லீவு போடவேண்டும், லீவுக்குக் காரணம் எழுதவேண்டும், மருத்துவச் சீட்டைக் கொண்டா என்பார்கள். அதெல்லாம் கண் கெட்டிருந்தால்தானே. இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இரண்டு சேர்ந்தாற்போல் போகின்றன. இதோ, இவை சாம்பல் இல்லையா? ரோடு முழுக்க சாம்பல் என்று சூப்பர்வைசரே படம் போட்டுக் காட்டவில்லையா?

ஆனால் தக்காளி. தக்காளியை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான், அது தானாக வந்து நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் இரண்டு கிலோ பொறுக்கிக்கொண்டு வந்து போட்டான், குமுதா பையைக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, இத வச்சி ரசம் வைக்கணுமா, ஊறுகா போடணுமா? பொறுக்கிப் பொறுக்கிக் காயா அள்ளினு வந்துகிறியே, கண்ண எங்க அடகு வச்ச?" விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான், நாலு நாள் தாங்கட்டும்னுதான் என்றான். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், உள்ளங்கையால் தடவிச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை, கடையில் கை வைக்க விடவில்லை அந்தப் பாவி. இன்று காலை குமுதா காப்பி கொண்டு வந்தபோது அவள் நெற்றியைப் பார்த்தான். பொட்டு இருந்தது, வட்டமாக இருந்தது, ஆனால் கரி தொட்டு வைத்த மாதிரி இருந்தது. பொட்டு மாத்திட்டியா என்று கேட்டான். "அதே காமாட்சியம்மன் குங்குமம்தான், ஏன்?" என்று கண்ணாடியைப் பார்க்கப் போனாள். ஒன்றுமில்லை என்றான். குங்குமத்தில் இப்போதெல்லாம் எதையெதையோ கலக்கிறார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க மாட்டின பல்பு வேறு, அந்த வெளிச்சத்தில் சோறே ஒரு தினுசாகத்தான் தெரிகிறது. பனிக்காலம், வெளிச்சம் ஏறவில்லை. இத்தனை காரணம் இருக்கிற மனுஷனுக்குக் கண்ணில் கோளாறு எப்படி இருக்க முடியும்? காரணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான், அடுக்கி முடிக்கும்போது எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கரிப்பொட்டு இருந்தது. இருபத்தெட்டு. நடுவில் எத்தனை விட்டோம் என்று தெரியவில்லை, முப்பது என்றே வைத்துக்கொள்ளலாம்.

யாரையாவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அது என்ன கலர் என்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கேட்கும் கேள்வி. ஆனால் பெயிண்ட் ஷாப்பில் பதினாறு வருஷம் இருந்தவன் அதைக் கேட்கலாமா? கேட்ட வாயை மூடுவதற்குள் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், பத்து மணிக்குள் பார்த்தசாரதி சார் காதுக்குப் போய்விடும். வருஷத்துக்கு ஒருதரம் தை மாதத்தில் கம்பெனியே கண் டெஸ்ட் வைக்கிறது, கலர் கலராகப் புள்ளி வைத்து வட்டம் போட்ட புத்தகத்தைப் பிரித்து உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்பார்கள். பத்து வருஷமாக அதே புத்தகம், பக்கம் மாறினதில்லை. எல்லாருக்கும் நம்பர் வரிசை மனப்பாடம், புதுசாக வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதல் வாரமே யாராவது டீக்கடையில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், ஏகாம்பரமே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். குருடனாகப் போய் உட்கார்ந்தாலும் அவன் அதில் பாஸாகிவிடுவான். அதை நினைத்து முன்பெல்லாம் தைரியம் வரும். இன்று வரவில்லை. அப்படியென்றால் அவனாகப் போய்ச் சொன்னாலொழிய இந்த உலகத்தில் ஒருத்தனுக்கும் தெரியப் போவதில்லை.

வாலாஜாபாத் வந்தது. இங்கே ஐந்து நிமிஷம் நிற்கும், தணிகாசலம் வகையறா இறங்கி ஒரு பீடி இழுத்துவிட்டு ஏறும் இடம். டீக்கடைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் வாசல் வளைவு பனியில் பாதி தெரிந்தது. எட்டு மணிக்கெல்லாம் ஃப்ளோரா வந்துவிடுவார். இறங்கி நடந்தால் இரண்டு நிமிஷம். இறங்கி, சிஸ்டர், எனக்குத் தக்காளி தெரியல என்று சொன்னால் போதும், அதற்குமேல் அவர் பார்த்துக்கொள்வார். ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டான். சாப்பாட்டுப் பையைக்கூட எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்ட பிறகு, சரி, எதிரே வருகிற அடுத்த காரைப் பார்ப்போம் என்று தோன்றியது. அது சாம்பலாக இருந்தால் இறங்கிவிடுவது. வேறு நிறமாக இருந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பேசாமல் உட்கார்ந்துவிடுவது. கார் வந்தது. சாம்பல். ஒரு காரை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்? மூன்றில் இரண்டு என்று மாற்றிக்கொண்டான். இரண்டாவதும் சாம்பல். மூன்றாவதாக ஒரு வெள்ளை வந்தது, நல்ல பால் வெள்ளை. அட, வெள்ளை தெரிகிறதே! வெள்ளை தெரிகிற கண்ணுக்கு என்ன குறைச்சல்? அதற்குள் தணிகாசலம் படியேறி வந்து அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். "எங்கய்யா கெளம்பிட்ட? உக்காரு, உன் கட்சி ஆளுங்க வரிசையா வர்றானுங்க." ஏகாம்பரம் உட்கார்ந்தான். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து வழியை அடைத்தான். பஸ் கிளம்பியது, வளைவு பின்னால் போனது, ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் நோகிற மாதிரி ஒரு நிம்மதி ஏற்பட்டது. கோழை. தன்னைத்தானே அப்படிக் கூப்பிட்டுக்கொண்டான், அதிலும் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

தணிகாசலம் கடைசிப் பூச்சு அடிக்கிற பூத்தில் இருக்கிறவன், எந்த நிறம் எத்தனை போகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டான். "இப்பல்லாம் கலர் வண்டியே போறதில்ல, இல்ல?" தணிகாசலம் கொட்டாவி விட்டான். "எங்க போவுது? எல்லாம் கிரேதான். நேத்து நூறு வண்டி அடிச்சோம், அறுவது கிரே." ஏகாம்பரத்துக்கு மனசு லேசானது. அறுபது! பார்த்தாயா, அறுபது! மீதி நாற்பது என்ன கலர் என்று கேட்கவேண்டும், வாய்வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. அறுபதைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பதைப் பனிக்குள் விட்டுவிட்டான். அறுபது நிஜம். ரோட்டில் நிஜமாகவே சாம்பல் அதிகம், அது பொய்யில்லை, அவனாக எதையும் இட்டுக்கட்டவில்லை. ஜனங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது, எல்லாரும் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்கள், எவனும் தன்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறான், மழைக்கு முன்னால் வானம் மூடுகிற மாதிரி எல்லாம் மூடிக்கொண்டு வருகிறது. அப்படி ஒரு காலத்தில் ஏகாம்பரமும் இருக்கிறான், அவ்வளவுதான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. எண்ணுகிற வேகத்தில் நெஞ்சு சீராக அடித்தது. முப்பத்தொரு நாள் கழித்து மாத்திரை நிற்கும், நெஞ்சு சுத்தமாகும், கண்ணும் அதோடு தெளிந்துவிடும், பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் குமுதாவின் நெற்றியில் சிவப்பு திரும்பி வந்திருக்கும். திரும்பாதுப்பா, சொல்லிட்டேன். யார் சொன்னது? ஃப்ளோரா சொன்னார். எதைத் திரும்பாது என்றார்? நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.

ஒரகடம் நெருங்கும்போது முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்து நின்றது. பஸ் நின்றது. பக்கத்தில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஏகாம்பரத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு புத்தம்புதுக் கார் வந்து நின்றது, நம்பர் பிளேட்டில் தற்காலிக ஸ்டிக்கர், பானெட்டில் சாமந்தி மாலை, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். பூஜை முடிந்து கோயிலிலிருந்து நேராக வருகிறார்கள் போல. உள்ளே ஒரு பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸை அண்ணாந்து பார்த்தாள். நல்ல அழுத்தமான சாம்பல், பனித்துளி மேலே நின்றது. நிற்கிற வண்டியை எண்ணுவதில் ஒரு திருப்தி உண்டு, ஓடிப்போய்விடாது. அந்தத் திருப்தியில் எண்ணிக்கை மனசுக்குள் நிற்காமல் வாய்வழியே வந்துவிட்டது. "நாப்பத்தாறு."

"எது நாப்பத்தாறு?" என்றான் தணிகாசலம். குனிந்து ஜன்னல் வழியே பார்த்தான். ஏகாம்பரத்தைப் பார்த்தான். மறுபடி ஜன்னல் வழியே பார்த்தான். "யோவ். அது செவப்பு." முன் சீட்டிலிருந்து ஜான்பாஷா எழுந்து வந்து ஏகாம்பரத்தின் தலைக்கு மேலே எக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான். "டேய், நம்ம வண்டிடா இது! ஐப்பசியில புதுசா விட்டமே ஒரு கலரு, மூணு கோட்டு செவப்பு! மொளகாத்தூள் கணக்கா எரியுது, இத நீ கிரேல சேத்துட்டியா?" அவ்வளவுதான், பஸ்ஸில் தூங்கினவன் எல்லாம் எழுந்துவிட்டான். மூணு மாசமா ஓசி டீ குடிச்சானே, இப்படித்தானா, என் கட்சி ஆளையெல்லாம் நீதான் தின்னுட்டியா, வீட்டுக்காரி பொடவையக்கூட கிரேன்னு எண்ணிட்டியா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏகாம்பரம் காரைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், விரித்துப் பார்த்தான். சிவப்பு எப்படி இருக்கும் என்று நினைவிலிருந்து எடுத்து அதன்மேல் பூசப் பார்த்தான். மிளகாய்த்தூள் எப்படி இருக்கும்? ரத்தம், வெற்றிலை துப்பின சுவர், தீ. பெயர்கள் வந்தன, நிறம் வரவில்லை. மூன்று கோட்டு. முதல் பூச்சை அவன்தான் தடவிப் பார்த்து அனுப்பியிருப்பான், அவன் கையிலிருந்து போனபோது எப்படி இருந்ததோ அப்படியே வந்து நிற்கிறது. ஐப்பசியிலிருந்து இந்தச் சிவப்பு ரோட்டில் ஓடுகிறது, தினமும் இதை எண்ணியிருக்கிறான். அடுக்கி வைத்த காரணமெல்லாம் சரிந்து அவன் மேலேயே விழுந்தது. பயம் என்றால் இதுதான். இதற்கு முன்னால் பட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை. மடியில் இருந்த பிள்ளை கையை ஆட்டியது, அவன் பதிலுக்கு ஆட்டக்கூட இல்லை.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஏகாம்பரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "ஏகா, உனக்கு நெசமாவே..." என்று ஆரம்பித்தான். அந்தக் குரலில் கேலி இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தணிகாசலம் நல்லவன், பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவனே கூட இறங்கியிருப்பான், ஷேர் ஆட்டோ பிடித்து வாலாஜாபாத்துக்குத் திரும்பக் கூட்டிப் போயிருப்பான். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் இருந்தது. அதற்குப் பின்னால் ஜூஸ் டம்ளர் இருந்தது, முதுகில் தட்டுகிற கை இருந்தது, மிஷின் முன்னால் தொப்பியைக் கழற்றி நிற்கிற பொன்னுரங்கம் இருந்தான். "ஏமாத்தினேன்யா" என்றான் ஏகாம்பரம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான், பல்லைக் காட்டினான். "டீக்காகத்தான். இன்னிக்கி மாட்டிக்கினேன்." பஸ்ஸில் ஹோவென்று சத்தம் எழுந்தது. தணிகாசலம் இன்னும் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரித்து, முதுகில் ஒன்று வைத்தான். கண்டெய்னர் நகர்ந்தது, புதுக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு முன்னால் போனது.

பதினோரு டீக்கு ஏகாம்பரம்தான் காசு கொடுத்தான். திருட்டு டீக்கெல்லாம் வட்டியாக வடையும் வேண்டுமென்றார்கள், வாங்கிக் கொடுத்தான். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனான், தினமும் போகிற இடம்தான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நான்கு மாத்திரையையும் பிதுக்கினான். உள்ளங்கையில் கூழாங்கல் மாதிரி கிடந்தன. ஆடியில் இவை செங்கல் நிறம், நன்றாக நினைவிருக்கிறது, செங்கல் செங்கல் என்று குமுதாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். மாத்திரை இருந்த இடத்தில் அட்டைக்குள் ஒளிந்திருந்த போன் நம்பர் தெரிந்தது, சாப்பிட்டதற்கு அடையாளமாக அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். கொடுத்தான். பதிவு செய்த ஒரு பெண் குரல் நன்றி சொல்லித் தானாக வைத்துவிட்டது, கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. இந்த நாலில் எது நெஞ்சைக் காப்பாற்றுகிறது, எது கண்ணைத் தின்கிறது என்று பிரிக்க முடியாது, எல்லா மருந்தையும் ஒன்றாகக் கலந்துதான் ஒவ்வொரு மாத்திரையையும் உருட்டி வைத்திருக்கிறார்கள். வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொண்டான். முப்பது நாள். கேட்டில் முகம் பார்க்கிற மிஷின் முன்னால் நின்றான், பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் போகக் கூடாது. ஒரு விளக்கு எரிந்தது. எது என்று தெரியவில்லை. க்ளிக் என்று கம்பி விலகுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நின்றான், சத்தம் வந்தது, உள்ளே போனான். காது நன்றாக இருக்கிறது.

பிரைமர் செக்‌ஷனில் ட்யூப்லைட்டுகள் இரண்டு பக்கமும் வரிசையாக எரிந்தன. பகலா ராத்திரியா என்று தெரியாத அந்த வெளிச்சத்தில் முதல் பாடி ஆடி அசைந்து வந்தது, கதவு முதல் கூரை வரை ஒரே பூச்சு. கையுறையை மாட்டிக்கொண்டு ஏகாம்பரம் உள்ளங்கையை வைத்தான். குளிர்ச்சியாக இருந்தது, வழுவழுவென்று இருந்தது, பின் கதவு ஓரத்தில் கடுகளவு ஒரு மேடு இருந்தது. விரலில் அகப்பட்டது, தப்பவில்லை. எதிர்ப்பக்கம் நின்று தேய்த்துக்கொண்டிருந்தான் துரைக்கண்ணு, அவனோடு எட்டு வருஷமாக வேலை செய்கிறவன். ஏகாம்பரம் கையை எடுக்காமல் அவனைக் கூப்பிட்டான்.

"துரைக்கண்ணு. இது என்னா கலரு?"

துரைக்கண்ணு மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தான். "காலங்காத்தால என்னாண்ணே உனக்கு? கிரேதான். இங்க வேற என்னா வரும்?"

கிரேதான். அவனுக்கும் கிரேதான். மூன்று மாதமாக யாரிடமும் கேட்க முடியாத கேள்வியை ஏகாம்பரம் கேட்டுவிட்டான், பதிலும் சரியாக வந்துவிட்டது. மேட்டைத் தேய்த்துவிட்டு நகர்ந்தான். இரண்டாவது பாடி வந்தது.

அதன் கலரையும் கேட்டான்.